பச்சை மீன்

மே 3, சனி

காலை: இட்லி இரண்டு. சர்க்கரை போடாத காபி.
மத்தியானம்: ஒன்றும் இல்லை. தட்டில் சோறு போட்ட நேரத்தில் வாசல் மணி அடித்தது.

இந்த நோட்டைக் கொடுத்தது சர்க்கரை டாக்டரம்மா. தின்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி அடுத்த மாதம் கொண்டுவர வேண்டுமாம். கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. என் மருமகள் அமலியைப் பார்த்து, "பாட்டிக்கு எழுத வராதுன்னா நீங்க எழுதிக் குடுங்க" என்றார். ஐந்தாம் வகுப்பு வரை கன்னியாஸ்திரி மடத்தில் படித்தவள் நான். அன்று அந்த டாக்டரம்மா கட்டியிருந்தது ஊதாச் சேலை, ஓரம் கிழிந்திருந்தது. மறக்க மாட்டேன்.

வாசலில் மணி அடித்தது. "விருந்தாளி வாராங்கம்மா, ஒரு பத்து நாள் இருப்பாங்க" என்று மகன் பெலிக்ஸ் நேற்றே சொன்னான். யார் என்று சொல்லவில்லை. அவன் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான், அங்கே உள்ள ஆள்களாக இருக்கும் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

ஜெனோவா நின்றாள். என் மகள்.

கை கதவிலேயே ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடம். பின்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போன ஏரல்காரன் முத்துமாலை, பாதித் தலை நரைத்து நின்றான். கப்பலில் சமையல்காரனாக இருந்தவன், இப்போது கோவாவில் ஏதோ ஓட்டலில். இரண்டு பேருக்கும் நடுவில் பதினாலு வயதில் ஒரு பெண் பிள்ளை, என் மாமியாருடைய மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு.

"யம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றாள் ஜெனோவா.

நான் உள்ளே திரும்பி, "அமலி, யாரோ வந்திருக்காங்க, என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். இரண்டு தடவை ஜெபமாலையை எண்ணத் தொடங்கினேன், இரண்டு தடவையும் பாதியில் விட்டுப்போனது. சர்க்கரை இறங்கியிருக்கும்.

ஓடிப்போனதைக்கூட விட்டுவிடலாம். வேறு ஜனத்தில் கட்டியதையும் விட்டுவிடலாம். அவளைப் பெற்ற தகப்பன் கஸ்பார் செத்தபோது அடக்கத்துக்கு வரவில்லை. அதை எப்படி விடுவது? "வராதது தப்பும்மா" என்று அவளாக வாய் திறந்து சொல்லட்டும். அதுவரை அவளோடு ஒரு வார்த்தை கிடையாது. பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறார்களாம். பார்ப்போம்.

மே 4, ஞாயிறு

காலை: ஆப்பம் ஒன்று.
பூசையில் அவர்கள் இடதுபக்கம். நான் வலதுபக்கம்.

மே 5, திங்கள்

காலை: இடியாப்பம் மூன்று.
மத்தியானம்: சோறு, சாளைக் குழம்பு, அவரைக்காய்.

இன்று ஒரு அவமானம். கூடத்தில் எல்லாரும் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை தாரணி, "ஞாயித்துக்கிழமை பொக்க கிண்ணம் செய்யலாம்ப்பா, ஆச்சிக்கும் ஒண்ணு" என்றாள். என் காதில் தெளிவாக விழுந்தது. எனக்கு மேல்வரிசையில் பல் இல்லை என்பது உண்மை. பல்செட் கடித்துப் புண்ணாகிறது என்று கழற்றி வைத்திருப்பதும் உண்மை. அதற்காகப் பொக்கைவாய்க் கிண்ணமா? வந்து இரண்டு நாள் ஆகவில்லை!

அமலியைக் கூப்பிட்டு, "என் பல்லை நான் என் அப்பன் வீட்லயா விட்டுட்டு வந்தேன்? உங்களுக்கு வடிச்சுக் கொட்டித்தான போச்சு?" என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். அங்கே ஒரே சிரிப்பு. அப்புறம் பெலிக்ஸ் வந்து விளக்கினான். அது பொக்கை இல்லையாம், போக்கேயாம். ஹவாய் என்று ஒரு தீவாம். அங்கே ஒரு கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, மேலே மீன், காய், பழம் என்று இஷ்டப்பட்டதை வைத்துத் தின்பார்களாம். பரிமாறுகிறவர் கிடையாது. அவரவர் கிண்ணத்தை அவரவர் ரொப்பிக்கொள்ள வேண்டும்.

"பரிமாற ஆளில்லாத வீட்டுல செய்யுததை இங்க எதுக்கு செய்யணும்?" என்று கேட்டேன்.

சிரித்ததை மன்னிக்கவில்லை. பெலிக்ஸ்தான் முதலில் சிரித்தான், எனக்குக் குரல் தெரியும்.

மே 6, செவ்வாய்

காலை: இட்லி இரண்டு. வழியில் பாதி வடை (தாரணி கொடுத்தாள், வேண்டாம் என்றால் முகம் சுருங்குகிறது).

ஆறு மணிக்கே என் கட்டிலருகில் வந்து நின்றாள் அந்தப் பிள்ளை. "ஆச்சி, ஞாயித்துக்கிழமைக்கு மீன் வேணும். உங்களை மாதிரி மீன் பாத்து எடுக்க ஊர்ல ஆளே இல்லைன்னு மாமா சொன்னாங்க."

"என்ன மீன்?"

"சூரை. பச்சை மீன், ஆச்சி. ரொம்ப ரொம்ப நல்ல பச்சை மீன் வேணும்."

பச்சை மீன்தான் எடுப்பார்கள். விருந்துக்குக் கருவாடா எடுப்பார்கள்? கோவாவில் வளர்ந்த பிள்ளை, அவளுக்குத் தமிழ் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

விசைப்படகுக்குத் தடைக்காலம். வள்ளக்காரர்கள் மட்டும்தான் கடலுக்குப் போகிறார்கள். திரேஸ்புரம் கரைக்கு ஆட்டோவில் போனோம். முதல் வள்ளத்துச் சூரைக்குக் கண் கலங்கியிருந்தது. இரண்டாவது வள்ளத்தில் மீனைப் படங்கு போட்டு மூடாமல் வெயிலில் வைத்திருந்தான். வெயில் பட்ட சூரை தின்றால் உடம்பு முழுக்கத் தடித்துச் சொறியும். "ஏம்ல, இதை உங்க வீட்டுக்குக் கொண்டு போவியா?" என்று கேட்டேன். "பிரகாசியம்மா வந்துட்டாங்க, இன்னைக்கு யாவாரம் போச்சு" என்றான். அவன் அப்பனும் இப்படித்தான் வாயாடுவான். மூன்றாவது வள்ளத்தில் கிடைத்தது. செவுளைத் தூக்கிக் காட்டினேன், செம்பருத்திப் பூ மாதிரி இருந்தது. தாரணி விரலை விட்டுப் பார்த்து, மோந்தும் பார்த்தாள். "வாசமே இல்லை, ஆச்சி!"

"இல்லாததத்தான் எடுக்கணும்."

பயப்படாத பிள்ளை.

ஆனால் வீட்டில் நடந்த கூத்தைப் பாருங்கள். அப்படி எடுத்த மீனைக் குழம்பு வைக்காமல், முத்துமாலை தோலும் முள்ளும் நீக்கிப் பாளம் பாளமாக அறுத்துக் கொடுக்க, பெலிக்ஸ் கம்பெனி ஃப்ரீசருக்குக் கொண்டுபோய்விட்டான். கல் மாதிரி உறைய வைத்து ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பார்களாம். புழு கிழு இருந்தால் செத்துப்போகுமாம். அடுப்பில் கொதித்தால் சாகாத புழுவா? கேட்டேன். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 7, புதன்

மூன்று வேளையும் எப்போதும்போல. அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மே 8, வியாழன்

மத்தியானம்: சோறு, முருங்கைக்கீரை. இரண்டாவது தடவை சோறு போட்டேன், மறைக்கவில்லை.

தாரணி கேட்டாள்: "ஆச்சி, தாத்தா எப்படி செத்தாங்க?" அவளுடைய அம்மா சொல்லவில்லையாம். "அம்மா அதைப் பத்திப் பேசவே மாட்டாங்க." எப்படிப் பேசுவாள்?

நான் சொன்னேன். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. 2009, நவம்பர் 14, சனிக்கிழமை. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரி போகிற வழியில் போய்விட்டார். பத்து மணிக்கு உடலைக் கூடத்தில் கிடத்தினோம். மழை. வந்தவர்கள் குடையெல்லாம் வாசலில் குவிந்து கிடந்தது. மேலத்தெரு ரெபேக்காள் அழுதுகொண்டே இரண்டு தடவை காபி வாங்கிக் குடித்தாள். என் நாத்தனார் பட்டுக் கட்டி வந்தாள். பெலிக்ஸ் சவப்பெட்டிக்குச் சொல்லக் கோவிலுக்குப் போயிருந்தான். ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையில் போன் அடித்தது, ராங் நம்பர். நாலு மணிக்கு எடுத்தோம். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, இறைத்து இறைத்து இறக்கினார்கள்.

"அம்மா ஏன் வரலை?" என்றாள்.

"உங்க அம்மாகிட்ட கேளு."

கதவுப் பக்கம் ஜெனோவா மடித்த துணியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. துணியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். சொல்லியிருக்கலாம் அல்லவா, அப்போதாவது?

மே 10, சனி

மீனை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வந்து குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தார்கள். எனக்குத் தலைவலி. இரண்டு நாள் மிச்சம்.

மே 11, ஞாயிறு

டாக்டரம்மா, இன்றைக்கு நான் தின்றதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பூசை முடிந்து வந்தால் மேசை நிறையக் கிண்ணம். பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், மாங்காய், கேரட், வெங்காயத்தாள், அவித்த மக்காச்சோளம், பட்டர் ஃப்ரூட், வறுத்த எள். கருப்பாகத் தாள் மாதிரி ஒன்று. கடல்பாசியாம். எங்கள் கரையில் காலில் மிதிபடுகிறது, இவர்கள் விலை கொடுத்துப் பாக்கெட்டில் வாங்கி வந்திருக்கிறார்கள். அடுப்பில் ஒரே ஒரு பானை, அதிலும் சோறு. குழைய வடித்து, மேலே ஏதோ புளிப்பை ஊற்றி விசிறியால் விசிறிக்கொண்டிருந்தான் பெலிக்ஸ். என் வீட்டில் சோற்றுக்கு விசிறி வீசியது இதுதான் முதல் தடவை.

முத்துமாலை சூரையைத் தாயக்கட்டை அளவுக்குத் துண்டு போட்டான். சோயா சாஸ் ஊற்றினான். எள்ளெண்ணெய் விட்டுப் பிரட்டினான். கை சுத்தம், குறை சொல்ல முடியாது.

நான் அமலியிடம், "மசாலா எப்ப அரைக்கப் போறீங்க? மணி பன்னெண்டு ஆகுது" என்றேன்.

"மசாலா இல்லை மாமி. இது இப்படியேதான்."

"இப்படியேன்னா?"

"இப்படியே. பச்சையா."

எனக்கு அது தலைக்குள் இறங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் தாரணி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"துப்பு! ஏட்டி, துப்பு! பூனைக்குப் போடுததப் பிள்ளைக்கா போடுதீங்க?"

"ஆச்சி! நான் அன்னைக்கே சொன்னேனே, பச்சை மீன்னு!"

"பச்சை மீன்னா கருவாடா இல்லாததுட்டி! உயிரோட திங்கதுக்கா எடுத்துத் தந்தேன்?"

பெலிக்ஸ் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். அமலி சிரித்தாள். ஜெனோவாவும் சிரித்தாள். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். முன்னால் மூச்சை இழுத்து, அப்புறம்தான் சத்தம் வரும். மாறவில்லை.

நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, என் கண் முன்னால் எல்லாரும் பச்சை மீனைத் தின்றார்கள். அவரவர் கிண்ணத்தை அவரவர் ரொப்பினார்கள். பெலிக்ஸ் மிளகாய்ப்பொடியை மூன்று கரண்டி போட்டான். அமலி வெங்காயத்தாளைத் தொடவே இல்லை. "ஏன்?" என்றேன். "எனக்கு வெங்காயமே பிடிக்காது மாமி" என்றாள். பன்னிரண்டு வருடமாக நான் பரிமாறுகிறேன், இவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஜெனோவா மாங்காயாக அள்ளினாள். அது எனக்குத் தெரியும்.

அப்போது முத்துமாலை ஒரு சின்னக் கிண்ணத்தை என் முன்னால் வைத்தான். சோறு இல்லை, சாஸ் இல்லை. ஆறேழு துண்டு சூரை, எலுமிச்சை பிழிந்து, உப்பும் கீறிய பச்சை மிளகாயும்.

"அத்தை, இது மாமா சொன்ன பக்குவம்."

"எந்த மாமா?"

"நம்ம மாமாதான், அத்தை."

கஸ்பாரைச் சொல்கிறான்!

"அவரு உங்கிட்ட எப்பச் சொன்னாரு?"

ஜெனோவா கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் கவனிக்கவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்துப் பேசிக்கொண்டே போனான். "சனிக்கிழமை சனிக்கிழமை இவகூட போன்ல பேசுவாங்கல்லா? நான் லீவுல இருந்தா எங்கிட்டயும் பேசுவாங்க. ஹொனலூலுல சனங்க சூரையைப் பச்சையாத் துண்டு போட்டுத் திங்காங்க மாமான்னு ஒரு நாள் சொன்னேன். அப்படிச் சிரிச்சாங்க. 'ஏல, நாங்க ஆழ்கடல்ல முப்பது வருசமா அதைத்தாம்ல திங்கோம். எலுமிச்சம்பழம் எதுக்குக் கொண்டு போறேன்னு நினைக்க? வீட்டுல சொன்னா பிரகாசி படியேற விடமாட்டா'ன்னாங்க."

கடலுக்குப் போகிறவருக்கு நாள் தவறாமல் மூன்று எலுமிச்சம்பழம் கட்டிக் கொடுத்தது நான். தலைசுற்றலுக்கு என்று சொல்லியிருந்தார். முப்பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம்.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். பல் தேவைப்படவில்லை. சில்லென்று இருந்தது, புளித்தது, உறைத்தது, அப்புறம் கரைந்துபோனது. நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். இரண்டாவது துண்டும் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவன் சொன்ன மற்றது உறைத்தது. சனிக்கிழமை சனிக்கிழமை.

கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

(சாயங்காலம். கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது.) வியாழக்கிழமை எழுதியதில் ஒன்று சரியில்லை.

அது ராங் நம்பர் இல்லை. போனை எடுத்ததும், "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் ஜெனோவா. அவர் பத்தடி தூரத்தில் மாலையோடு கிடந்தார். "ராங் நம்பர்" என்று சொன்னது நான். பேட்டரியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டதும் நான்.

எங்கிருந்தோ நம்பர் கிடைத்து முதல்முதலாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது என்ன அப்பா, இருக்கட்டும் என்று நினைத்தேன். வாராவாரம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்?

தெரிந்திருந்தால், அப்பா போய்விட்டார் என்று சொல்லியிருப்பேனா? எழுத வரவில்லை.

மே 12, திங்கள்

காலையில் ஒன்றும் இறங்கவில்லை.

பதினோரு மணிக்கு வேன். ஜெனோவா அடுப்படியில் தனியாக வழிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கதவைச் சாத்தினேன். ஒன்பது நாளில் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"அன்னைக்கு போனை எடுத்தது நான்."

அவள் திரும்பவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்க குரல் எனக்குத் தெரியாதாம்மா? ராங் நம்பர்னாலும் நீங்க சொன்னா தெரியாதா?"

பதினாறாவது வருடம் நடக்கிறது. இவள் பெலிக்ஸிடமும் சொல்லவில்லை, தன் புருஷனிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் நேற்று அப்படி வெள்ளந்தியாகப் பேசியிருப்பானா? நானோ ரெபேக்காள் குடித்த காபி வரைக்கும் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"அப்பா போன் உங்க கையில மாட்டிக்கிட்டுன்னு நினைச்சேன்" என்றாள், பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே. "அப்பாவை ஏசுவீங்க, சண்டை நடக்கும், கொஞ்ச நாள் போட வேண்டாம்னு இருந்தேன். மூணு சனிக்கிழமை. என்னால அவருக்கு ஏச்சு விழக் கூடாதேன்னு போனைக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேம்மா. நாலாவது சனிக்கிழமை போட்டா அணைஞ்சு கிடந்துச்சு. அப்புறம் என் வீட்டுக்காரர் கூட வேலை பாத்த தூத்துக்குடிப் பையன் ஒருத்தன் நாப்பதாம் நாள் பூசைக்கு அடிச்ச அட்டையைக் கொண்டாந்து குடுத்தான். அப்பா போட்டோ போட்டு. அதுல தேதி பாத்தேன். நான் போன் போட்ட தேதி."

நூல் அறுந்தது. வேறு நூல் எடுத்தாள்.

"பிறகு எதுக்கு வந்த?"

"தாரணி கேட்டா, ஆச்சி இருக்காங்களான்னு. இல்லைன்னு சொல்ல வாய் வரலை."

எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அது என் வாயில் வந்து பழக்கமில்லாத வார்த்தை. புருஷனிடம் சொன்னதில்லை, மாமியாரிடம் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதுகூட மேலோட்டமாகத்தான்.

"என்னை மன்னிச்சிரு."

அவள் அப்போதுதான் திரும்பினாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னையே பார்த்தாள். கண்ணாடியில் பார்த்துப் பழகிய பார்வை அது.

"முடியலம்மா" என்றாள். "பொய் சொல்ல மாட்டேன். நேத்து நீங்க அந்த மீனைத் தின்னதைப் பாத்தப்ப ஒரு நிமிசம் முடியும் போல இருந்துச்சு. இல்லை. முடியலை."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. பெலிக்ஸ் பெட்டியைத் தூக்கினான். தாரணி ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆச்சி, அடுத்த தடவை கணவாய் எடுத்துத் தாங்க" என்று காதில் சொன்னாள். பச்சையாகவா என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. முத்துமாலை காலைத் தொட்டான். ஏறுங்க மாப்பிள்ளை என்றேன். மாப்பிள்ளை என்று சொன்னதைக் கேட்டு அவனைவிட நான்தான் அதிகம் திடுக்கிட்டேன்.

ஜெனோவா கடைசியாக ஏறினாள். ஏறி உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு வாரேன்."

"வா."

"வந்தாலும் கோவமாத்தான் இருப்பேன். இப்பமே சொல்லிட்டேன்."

வேன் நகர்ந்தது. நானும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்தேன்.

"கோவமாவே வாட்டி" என்றேன். "கோவமாவே வந்து இரு."